பிறக்காத ப்ளூக் எழுதிய இசை

கான்ராட் ஓஸ்ட்பி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலே பியானோ வாசிக்கிறவர்களுக்குக் கை தடுமாறும். அவர் வருவது காதில் விழாது. வெர்னாவின் வீட்டில் எல்லோரும் பனிச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் நடப்பார்கள். திடீரென்று தோளுக்கு மேலே ஒரு பென்சில் நீளும். இசைக்குறிப்புத் தாளில் ஓரிடத்தைத் தொடும். "இந்த இடம்," என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஆளின் சனிக்கிழமை முடிந்தது.

டுலூத் என்ற பனி கொட்டும் ஊரில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தக் கூட்டம் கூடும். பரோக் காலத்து இசை மட்டும்தான், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அதற்கப்புறம் பிறந்தவர்களைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. நான்கு பேரில் யாரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. வீட்டுக்காரி வெர்னா செடர்ஹோம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை இருபத்தெட்டு வருஷம் கட்டி ஆண்டுவிட்டு ஓய்வு பெற்றவள். மாய் யெர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். கான்ராட் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுப்பவர், வயது அறுபத்தாறு. ஆர்டிஸ் நியெமி நகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். அந்த ஊரில் வருஷத்துக்கு ஆறு மாதம் அவளுக்கு வேலை இருக்கும்.

ஆளுக்கொன்று கற்றுக்கொண்டு வந்து வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், பிறகு வெர்னா செய்யும் எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டு, காபி. இதுதான் ஏற்பாடு. கான்ராட் மட்டும் மூன்று வருஷமாக எதையும் வாசிக்கவில்லை. "பெரிசா ஒண்ணு தயார் பண்ணிட்டிருக்கேன், அவசரப்படுத்தாதீங்க," என்பார். பெட்டியில் வந்த பாகங்களை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து சொந்தமாக ஒரு ஹார்ப்சிகார்ட், அதாவது பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம், பூட்டிய மனிதர். அந்தக் காலத்து வாத்தியத்தையே வீட்டில் வைத்திருக்கிறவரை யார் கேள்வி கேட்பது?

ஜனவரியில் ஆர்டிஸ் ஒரு நடனத் துண்டு வாசித்தாள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாற்றி மாற்றி அதிரவிடும் ட்ரில் அதில் பதினோரு இடத்தில் வரும். பதினோரு இடத்திலும் பென்சில் வந்தது.

"மேல் சுரத்துல ஆரம்பிக்கணும், ஆர்டிஸ். மேல். அந்தக் காலத்துல யாரும் கீழேர்ந்து ஆரம்பிச்சதில்ல."

"மேலதான் ஆரம்பிச்சேன்."

"உங்க மனசுல ஆரம்பிச்சிருப்பீங்க. விரல்ல வரல."

வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. நீங்க பனி தள்ற மாதிரியேதான் வாசிக்கறீங்க. எது வந்தாலும் ஒரே வேகம். எல்லாத்தையும் ஓரமா ஒதுக்கிட்டுப் போயிட்டே இருக்கீங்க."

முதலில் சிரித்தது வெர்னா. குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது. மாய் யெர் கூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஆர்டிஸும் சிரித்தாள், வேறென்ன செய்வது? வீட்டுக்குப் போகும்போது காரில் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது கொஞ்சம் உண்மையாகவும் இருந்ததுதான் கூடுதலாக உறுத்தியது.

அடுத்த வாரம் ஊரை மூடுகிற மாதிரி பனி கொட்டியது. சாலையில் தூவும் உப்பை ஏற்றிக்கொள்ள வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்த லாரி பின்னுக்கு வந்தது. பின்னுக்கு வரும்போது அது போடும் பீப், பீப், பீப் சத்தமும், இரும்புப் பலகை சாக்கடை மூடியில் உரசிப் போகும்போது எழும் கிரீச்சும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தன. மூன்று ஒரே சுரம், அப்புறம் ஒரு தாவல். ஆர்டிஸின் விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டிப் பார்த்தன. கீழே எஞ்சின் உறுமல் இடது கை மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாக அந்தப் பழைய ஆட்களையே வாசித்து வந்தவள். அவர்கள் எந்தத் திருப்பத்தில் எப்படி வளைவார்கள் என்பது யோசிக்காமலே விரலுக்குத் தெரியும். பத்து நாளில் துள்ளித் துள்ளி ஓடும் ஒரு நடனம் முழுசாக எழுந்துவிட்டது.

எழுதி முடித்ததும்தான் அவளுக்குள் இருந்த குசும்பு விழித்துக்கொண்டது. சொந்தப் பெயரைப் போட்டுக் கொண்டுபோனால் என்ன ஆகும்? "அட, பரவாயில்லையே," என்று முதுகில் தட்டுவார்கள். பனி லாரிக்காரியின் பொழுதுபோக்கு. அப்புறம் பென்சில் வரும். அதுவே செத்துப்போன ஒரு ஜெர்மன்காரர் எழுதியதென்றால்?

அவள் அகராதியை எடுத்தாள். ஜெர்மனில் ப்ளூக் என்றால் கலப்பை. பனி லாரியின் முன்னால் இருக்கும் இரும்புப் பலகையை அந்த ஊரில் எல்லோரும் கலப்பை என்றுதான் சொல்கிறார்கள். 'யோஹான் டோபியாஸ் ப்ளூக், 1724' என்று கோணல் கையெழுத்தில் தலைப்பில் எழுதினாள். பிரதியைப் பிரதி எடுத்து, அதையும் பிரதி எடுத்து, எழுத்து மங்கும்வரை எடுத்தாள்.

பிப்ரவரியில் அதை வாசித்தாள். முடியும்வரை பென்சில் வரவில்லை.

"யாருடி இது?" என்றாள் வெர்னா. அவளும் ஆர்டிஸும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"டோபியாஸ் ப்ளூக்னு ஒருத்தர். பக்கத்து ஊர் சுப்பீரியர்ல ஒரு வீட்ல பழைய சாமானெல்லாம் போட்டு வித்தாங்க. அதுல ஒரு இசைத்தாள் கட்டு கிடைச்சுது."

மூன்று பேரும் கான்ராடைப் பார்த்தார்கள். 'கேள்விப்பட்டதில்லை' என்று அவர் சொல்லப்போகிறார், அதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஆர்டிஸ் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

கான்ராட் கண்ணை மூடி மெதுவாகத் தலையசைத்தார். "ப்ளூக்... டோபியாஸ் ப்ளூக். ஆமா. சாக்ஸனிப் பக்கத்து ஆளு. கோயில்ல ஆர்கன் வாசிச்சவர். ரெண்டு கல்யாணம், பதினாலு குழந்தைங்க."

ஆர்டிஸ் கடித்த எலுமிச்சை பார் தொண்டையிலேயே நின்றது. மாய் யெர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பதினாலா? ஐயோ பாவம், அந்த அம்மா!" என்றாள் வெர்னா.

"அதுல பாதி தக்கல. மூணாவது பையன்தான் ரொம்ப கெட்டிக்காரன். காய்ச்சல்ல போயிட்டான்." கான்ராட் எழுந்து வந்தார். காதோரத்திலிருந்து பென்சில் இறங்கியது. "துண்டு நல்லாருக்கு. ஆனா இந்த இடம் இருக்கே, ஆர்டிஸ், ப்ளூக் இதை இப்படி வாசிச்சிருக்கவே மாட்டார்."

"அப்படியா? எப்படி வாசிச்சிருப்பார்?"

"மேல் சுரத்துலேர்ந்து."

திரும்பிப் போகும் வழியில் ஆர்டிஸ் காரை ஓரம்கட்டிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். இல்லாத ஆளுக்குப் பிள்ளை குட்டியெல்லாம் கொடுத்துவிட்டாரே மனிதர்! தெரியாது என்று ஒரு வார்த்தை வாயில் வராதா?

மார்ச் கூட்டத்துக்குள் எல்லோரும் ப்ளூக்கின் நடனத்தைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்கள். வெர்னா அதைத் தொட்டில் ஆட்டுகிற வேகத்தில் வாசித்தாள். மாய் யெர் பஸ் பிடிக்க ஓடுகிற வேகத்தில் வாசித்தாள். இரண்டிலும் அது நன்றாகவே இருந்தது. ஆர்டிஸ் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருக்கும்போது கான்ராட் ஒரு பழுப்பு உறையைப் பிரித்தார்.

"ஜெர்மனியில ஒரு சிநேகிதர் இருக்கார். பழைய நூலகம் ஒண்ணுல வேலை. ப்ளூக் பேரைச் சொன்னேன். தேடி எடுத்து அனுப்பிட்டார். சரபாந்த், மெதுவான நடனம். இதுவும் அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுதான்."

ஆர்டிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறக்கவே இல்லாத ஆள் இன்னொன்றும் எழுதியிருக்கிறாரா?

"மாய் யெர், நீங்க வாசிங்க," என்றார் கான்ராட்.

மாய் யெர் வாசித்தாள். நாலாவது வரியில் ஆர்டிஸின் கை வாயிலிருந்து இறங்கியது. இடது கையில் ஒரு சுரம் விழுந்து, வலது கை வந்து சேரும்வரை தனியாகக் காத்துக்கொண்டு நின்றது. வந்து சேர்ந்ததும் இரண்டும் பேசாமல் கொஞ்ச தூரம் நடந்தன. அவ்வளவுதான் அதில் இருந்தது. வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மூணாவது பையன் போனப்ப எழுதினதா இருக்கும்," என்றாள்.

திருடன், என்று நினைத்தாள் ஆர்டிஸ். அளந்துவிட்ட பொய்யைக் காப்பாற்ற எவனோ எழுதியதை எடுத்து என் ப்ளூக் பெயரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் இருந்த பாஹ், ஹாண்டல், ஸ்கார்லாட்டி என்று எல்லாத் தொகுதிகளையும் இரண்டு வாரம் புரட்டினாள். கிடைக்கவில்லை. கிடைத்தாலும் என்ன செய்ய முடியும்? 'இது ப்ளூக் எழுதியதில்லை' என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே வேறு வழியில் தாக்கினாள். ஏப்ரலில் அந்த இசைத்தாள் கட்டிலிருந்து ஒரு முன்னுரை "அகப்பட்டது". ப்ளூக் தன் மாணவர்களுக்குச் சொல்கிறார்: ட்ரில்லை எந்தச் சுரத்தில் ஆரம்பிப்பது என்று கேட்கிறவனுக்குக் காது இல்லை. கையில் பென்சிலோடு வருகிறவனை வீட்டுக்குள் விடாதே.

கான்ராட் அதை இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "இது சின்ன வயசுல எழுதினது. அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டிருக்கார். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமே எழுதியிருக்கார். அடுத்த வாரம் கிடைச்சுடும்."

கிடைத்தது. அதற்குப் பதிலாக, ப்ளூக் ஒரு கண்ணாடி வியாபாரியைக் கோயில் வாசலில் வைத்து அடித்த கதையை ஆர்டிஸ் கண்டுபிடித்தாள். அந்த அடிதடிக்குப் பிறகு ப்ளூக் போதையில் பனியில் விழுந்து மூன்று நாள் புதைந்து கிடந்தாரென்றும், யாரும் பனி தள்ள வரவில்லையென்றும் கான்ராடின் நூலகச் சிநேகிதர் எழுதினார்.

இப்படி இருவரும் அடுத்த கூட்டம்வரைகூடப் பொறுக்காமல் தபாலிலேயே மாறி மாறி அந்த மனிதனைப் போட்டுப் பந்தாடிக்கொண்டிருக்க, வெர்னா எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தாள். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆர்டிஸ், பாதிரியார்கிட்ட பேசிட்டேன். மே மாசம் நம்ம கோயில்ல கச்சேரி. முழுக்க முழுக்க ப்ளூக். ரேடியோக்காரங்க என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. பேசிட்டேன்!"

"ரேடியோவுலயா?"

"ஆமாண்டி. நம்ம ஊர் கண்டெடுத்த இசைக்காரர்னு. அந்த மூணாவது பையனைப் பத்திச் சொல்றப்ப எனக்குக் குரலே கம்மிடுச்சு."

ஆர்டிஸ் தொலைபேசியை வைத்துவிட்டு, நாட்காட்டியில் மே மாதத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள்.

அந்த வாரமே மாய் யெர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ப்ளூக்கின் நடனம்.

"நேத்து கான்ராட் வீட்டுக்குப் போனேன், வாங்கின புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க. அவர் வெளியே பனி அள்ளிட்டிருந்தார். உள்ள போங்கன்னார். ஹார்ப்சிகார்ட் திறந்திருந்துது. உக்காந்து இதை வாசிச்சுப் பாத்தேன்." அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி ஆர்டிஸ் கேட்டதில்லை. "இதோ, இந்த உச்சிச் சுரம். அந்த வாத்தியத்துல அதுக்குக் கட்டையே இல்ல. என் விரல் மரத்துல போய் இடிச்சுது."

"கட்டை இல்லையா?"

"ரெண்டு கட்டை குறையுது. உங்க பியானோவுல இருக்கு. அவர் வாத்தியத்துல, அதாவது ப்ளூக் காலத்து வாத்தியத்துல, இல்ல. கான்ராட் அதைக் கட்டை கட்டையா எண்ணிப் பூட்டினவர். நீங்க வாசிச்ச முதல் நாளே அவருக்குத் தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் அகராதியில ப்ளூக்குக்கு அர்த்தம் பாத்தேன், ஆர்டிஸ்."

ஆர்டிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். 'ப்ளூக் இப்படி வாசிச்சிருக்கவே மாட்டார்' என்று அந்த மனிதர் சொன்னாரே, ப்ளூக் யாரென்று நன்றாகத் தெரிந்துகொண்டு, அவள் மூஞ்சிக்கு நேராக! வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் அந்த ஆளைப் பற்றி முதல்முறையாக ஒரு மரியாதை எட்டிப்பார்த்தது.

மறுநாளே கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனாள். விளக்கணைத்த அறை. மோவாயைத் தாங்கியில் வைத்து, கண்ணுக்கு முன்னால் இரும்புச் சட்டம். கான்ராட் வில்லைகளை மாற்றினார்.

"ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?"

"ரெண்டு. உங்க வாத்தியத்துல எத்தனை கட்டை, கான்ராட்?"

வில்லை பாதியில் நின்றது. "அம்பத்தொண்ணு."

"ப்ளூக்குக்கு அம்பத்துமூணு வேணுமே."

"தெரியும்." வில்லை மறுபடி நகர்ந்தது. "மூணா, நாலா?"

"மூணு. எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க அந்த இடத்துக்குக் கையைத் தூக்கினீங்களே, அப்பவே. மேல் வரியைப் படிங்க."

"அப்புறம் ஏன் காட்டிக் குடுக்கல?"

அவர் ஒரு வில்லையைக் கழற்றித் துடைத்தார். "நல்லா இருந்துதே, ஆர்டிஸ். காட்டிக் குடுத்தா அதோட நின்னு போயிருக்கும். நீங்க ரெண்டாவது ஒண்ணு எழுதிட்டு வருவீங்கன்னு பாத்தேன்."

"அந்தப் பதினாலு குழந்தைங்க?"

"அது உங்களுக்குப் புரை ஏறட்டும்னு சொன்னது."

"சரபாந்த்?"

இருட்டில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. "என்னுது," என்றார், ஏதோ நோயைச் சொல்கிற குரலில். "வாழ்க்கையில முதல் தடவையா எழுதினது. உங்களுதைப் பாத்து வந்த பொறாமை. பதினெட்டு நாள் வேற வேலை ஓடல. ஒருத்தருக்கு இடது கண்ணு பவரை வலது கண்ணுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

ஆர்டிஸ் சிரித்ததில் மோவாய் தாங்கியை விட்டு விலகியது.

"அசையாதீங்க," என்றார் கான்ராட்.

"அவ்வளவு நல்லா எழுதிட்டு அதை நீங்களே வாசிக்காம மாய் யெர்கிட்ட ஏன் குடுத்தீங்க?"

"நாலு பேர் முன்னால உக்காந்தா கை உதறுது. மூணு வருஷமா. டாக்டர்கிட்ட போனேன், கையில ஒண்ணும் கோளாறு இல்லங்கறார். பின்னால நின்னு பென்சிலை நீட்டறதுதான் எனக்குச் சுலபம்." அவர் விளக்கைப் போட்டார். "உங்களுக்குப் படிக்கறதுக்குப் புதுக் கண்ணாடி வேணும். வெர்னாகிட்ட யார் சொல்றது?"

இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். வெர்னா சமையலறையில் எலுமிச்சை துருவிக்கொண்டிருந்தாள். மேசை மேல் அச்சடித்த சுவரொட்டிக் கட்டு. ஆர்டிஸ் ஆரம்பித்தாள், கான்ராட் முடித்தார். வெர்னா துருவுவதை நிறுத்தவே இல்லை.

"அப்ப அந்த மூணாவது பையன்?"

"இல்ல, வெர்னா," என்றார் கான்ராட்.

"அவனுக்காக நான் அழுதிருக்கேன்!"

"தெரியும்."

"ரேடியோவுல அழுதேன்!" துருவியைப் பட்டென்று வைத்தாள். ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வெர்னாவின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "நாலு பேர் இருக்கற கூட்டத்துல மூணு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் நோட்டுப் போட்டு எழுதிட்டிருந்திருக்கேன். நீங்க விளையாடினது தப்புன்னு நான் சொல்லல, ஆர்டிஸ். என்னைச் சேத்துக்காம விளையாடினீங்க பாரு. ஏழாம் வகுப்புலயும் நீ இப்படித்தான் பண்ணினே."

ஏழாம் வகுப்பில் நடந்ததை ஆர்டிஸ் மறக்கவில்லை. அது உண்மை.

"கச்சேரியை நிறுத்திடலாம்," என்றாள் மெதுவாக.

"நிறுத்தறதா? ஒட்டியாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. கச்சேரி நடக்கும். நீ எழுந்து நின்னு உண்மையைச் சொல்லணும். அப்புறம் அவங்கவங்க எழுதினதை அவங்கவங்களே வாசிக்கணும்." துருவியால் கான்ராடைச் சுட்டினாள். "நீங்களும்தான்."

கான்ராடின் முகம் வெளுத்து, மேசையில் சிந்தியிருந்த மாவின் நிறத்துக்கு வந்தது.

முப்பது பேர் வருவார்கள் என்று பார்த்தால் எழுபதுக்கு மேல் வந்திருந்தார்கள். ரேடியோவின் வேலை. ஆர்டிஸ் பாதிரியார் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். பெரிய பேச்செல்லாம் எழுதி வைத்திருந்தாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"டோபியாஸ் ப்ளூக்னு ஒருத்தர் பிறக்கவே இல்லை," என்றாள். "நான் பனி லாரி ஓட்டறேன். அது பின்னால வர்ற சத்தத்தை வெச்சு நான்தான் எழுதினேன். அவரைப் பத்திச் சொன்ன மத்ததெல்லாம் நானும் கண் டாக்டரும் போட்டி போட்டு அளந்த பொய். வெர்னாவுக்கு எதுவும் தெரியாது. அவகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்கள். கதவு சாத்திய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. பிறகு எங்கோ பின்னால் ஒரு ஆள், "பீப் பீப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ஆர்டிஸ் பியானோவில் உட்கார்ந்து நடனத்தை வாசித்தாள். மூன்று பீப் வந்த இடத்திலெல்லாம் ஜனங்கள் தொடையில் தட்டினார்கள்.

அடுத்தது கான்ராட். பெஞ்சை இரண்டு தடவை நகர்த்தினார். ஆரம்பித்தார். எட்டாவது அடியில் கை உதறி நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். இந்தத் தடவை கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் எழுந்து போய்விடுவார் என்று ஆர்டிஸுக்குத் தெரிந்தது. அவள் போய் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. இடது கை நான் பாத்துக்கறேன். நீங்க வலது மட்டும் வாசிங்க."

"உங்க கை ஓடிடும்," என்று முணுமுணுத்தார்.

"ஓடினா பிடிச்சு நிறுத்துங்க."

அவள் முதல் சுரத்தைப் போட்டாள். காத்திருந்தாள். அவர் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதற்கும் காத்திருந்ததில்லை. கான்ராடின் விரல் நடுங்கிக்கொண்டேதான் வந்து சேர்ந்தது. எட்டாவது அடியைத் தாண்டியது. அப்புறம் நடுக்கம் இருந்ததா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்து இருவரும் இறங்கப் போகும்போது மாய் யெர் எழுந்து வந்தாள். அச்சடித்த தாளில் அவள் பெயரே இல்லை.

"இது ப்ளூக்கோட ரெண்டாவது மனைவி எழுதினது," என்றாள். "புருஷன் செத்ததுக்கு அப்புறம். சந்தோஷத்துல."

ஆர்டிஸ் கான்ராடைப் பார்த்தாள். கான்ராட் ஆர்டிஸைப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. மாய் யெர் வாசித்தது சின்னதாக, குறும்பாக, எங்கே முடியும் என்று நினைத்தோமோ அங்கெல்லாம் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்று தாள் திருப்பியது வெர்னா. எப்போது திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கீழே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த அந்த இரண்டு முகங்களையும் பார்த்து வெர்னா சிரித்த சிரிப்பில் ஒரு பக்கத்தைத் திருப்ப மறந்தே போனாள்.

கச்சேரி முடிந்து கோயிலின் கீழ்த்தளத்தில் காபி. ஒரு கிழவர் கான்ராடின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். "ப்ளூக் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? எங்க அம்மா வழியில எல்லாரும் ப்ளூக்தான்!" கான்ராட் அவரிடமிருந்து கழன்று வெர்னாவிடம் வந்தார்.

"எத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இதைத் தயார் பண்ணினீங்க?"

"அதை உங்ககிட்ட நான் ஏன் சொல்லணும்?" என்றாள் வெர்னா. அவர் தட்டில் ஒரு துண்டு பாரும், கொஞ்சம் யோசித்து ஆர்டிஸ் தட்டில் இரண்டும் வைத்தாள். "ஜூன் முதல் சனிக்கிழமை, மூணு மணி. இந்தத் தடவை நிஜமாவே வாழ்ந்த ஆளு எழுதினதாக் கொண்டு வாங்க."

"உயிரோட இருக்கற ஆளு எழுதினதுன்னா பரவால்லையா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

வெர்னா காபிக் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "அந்த வீட்ல இதுவரைக்கும் அப்படி ஒண்ணு நடந்ததில்ல," என்றாள். "சரி, கொண்டு வாங்க. எழுதினவங்க பேரைப் பெரிசாப் போட்டுக் கொண்டு வரணும்."